பொட்டு நின்ற இடம்

முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மடக்கியபடி பொட்டு அசையாமல் நின்றாள். வால் நேராக நீண்டிருந்தது. மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது. ஒரு வேட்டை நாய் இதற்கு மேல் அழகாக நிற்க முடியாது.

அவள் நின்றது ஒரு சாக்குக் குவியலுக்கு முன்னால்.

மல்லிகைப் பூ ஏற்றிவந்த ஈரச் சாக்குகள். அறுவடை முடிந்த சோளக்காட்டின் மூலையில், கருவேல மரத்தடியில் யாரோ போட்டுவிட்டுப் போனவை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் முதலில் மரியாதையாகப் பார்த்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள்.

"பூ வாங்க வந்திருக்கு போல. மொழம் என்ன வெலையின்னு கேட்டுச் சொல்லுங்கப்பா."

அதன்பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தில் நான் என் வலது கையைத் தூக்கியிருக்க வேண்டும். அதுதான் போட்டியின் விதி. தூக்கவில்லை. ஓடிப்போய் அவள் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். நகர மறுத்தாள். நான்கு காலும் மண்ணில் கோடு கிழிக்க இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதுவரை இந்தத் தொடரில் லாரி, பரோட்டாக் கடை, போர்வெல் வண்டி என்று ஊர் ஊராகச் சுற்றியதைத்தான் எழுதினேன். இது சுற்றாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்த கதை. காரணம் இந்த நாய்தான். அன்று அந்தக் காட்டில் அவளை நான் இழந்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

கொல்லாத வேட்டை

திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்புக்கும் அகரத்துக்கும் இடையே, சோளத்தட்டை அறுத்த பிறகு காடு சும்மா கிடக்கும் வாரங்களில் இந்தப் போட்டி நடக்கிறது. பெரிய விழா இல்லை. மைக் செட் ஒன்று, மோர்ப்பானை இரண்டு, ஏழெட்டு நாய்கள், வேலையை விட்டுவிட்டு வந்த கொஞ்சம் பேர்.

பண்ணையில் வளர்த்த காடைகளை, ஒரு கூண்டுக்கு ஒன்றாக அடைத்து, காட்டுக்குள் ஆறு இடங்களில் ஒளித்து வைப்பார்கள். நாய் மோப்பம் பிடித்துக் கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி அப்படியே நிற்க வேண்டும். குரைக்கக் கூடாது, தொடக் கூடாது. இதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'நிலை'. நாய் நிலை பிடித்ததும் அதன் ஆள் கையைத் தூக்குவார். நடுவர் வந்து தட்டையை விலக்கிப் பார்ப்பார். காடை இருந்தால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் ஒரு புள்ளி போச்சு.

காடை கூண்டிலேயே பண்ணைக்குத் திரும்பிவிடும். ஓர் இறகு உதிர்ந்தாலும் அந்த நாய்க்குப் போட்டி முடிந்தது. நடுவர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு காடையையும் கையில் எடுத்துச் சிறகை விரித்துப் பார்ப்பார். மனிதர்களிடம் அவர் அவ்வளவு மென்மையாக நடந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட ஒன்றும் கிடைக்காத வேட்டை என்ன வேட்டை என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடக் கிடைத்த வேட்டையையும் நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

வலைக்குள் நான்

இருபத்திரண்டு வயதிருக்கும். நாங்கள் நான்கு பேர், மூன்று நாட்டு நாய்கள். சிறுமலை அடிவாரத்தில் கவுதாரி பிடிக்கப் போவோம். நாய்கள் புதரைக் கலைக்கும். பறவை தரையோடு ஓடும், அப்புறம் தாழப் பறக்கும், வலையில் விழும். வலையின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. எட்டாம் வகுப்பு பாதியில் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பை அவர்கள் தரவில்லை.

ஒரு நாள் காலையில் வனக்காவலர்கள் வந்தார்கள். மற்ற மூவரும் நாய்களும் ஓடிவிட்டார்கள். நானும் ஓடினேன், வலையோடு. பத்தடியில் கால் சிக்கி, கை சிக்கி, உருண்டு ஒரு பொட்டலமாகக் கிடந்தேன். காவலர் குனிந்து பார்த்து, எத்தனை கவுதாரி மாட்டியது என்று கேட்டார்.

"இன்னைக்கு நான் மட்டுந்தான் சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஜாமீன் எடுக்க ஆள் இல்லாததால் பதினொரு நாள் உள்ளே இருந்தேன். சோறு நேரத்துக்கு வந்தது. வெளியே அந்த நாட்களில் எனக்கு அது நிச்சயமில்லை.

வெளியே வந்ததும் போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டேன். ராஜஸ்தான் பக்கம் ஒரு கடுகுக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, தலைப்பாகை கட்டிய ஒருவர் புள்ளி புள்ளியாக ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக் கல்லாகிவிட்டது. அவரும் நின்றார். எங்கள் வண்டியின் இரைச்சலுக்கு நடுவே அந்த இரண்டு பேர் மட்டும் வேறு ஏதோ உலகத்தில் இருப்பதுபோல் இருந்தது. அப்புறம் அவர் கையைத் தட்டினார். காலடியிலிருந்து ஒரு கவுதாரி விருட்டென்று பறந்தது. இருவரும் அது போவதைப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டார்கள்.

துப்பாக்கி இல்லை, வலை இல்லை. அன்று முழுதும் துளைக்குழியில் சேறு அள்ளும்போது எனக்கு அதே நினைப்பு. அந்த நாய் ஏன் பாயவில்லை? யார் அதை அப்படி நிற்கச் சொன்னது?

பதினான்கு காடை

பல வருஷம் கழித்துத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியபோது அகரத்துப் பக்கம் லூர்து அக்காவின் காடைப் பண்ணையில் வேலை கிடைத்தது. காலையில் தட்டு கழுவ வேண்டும், தீவனம் போட வேண்டும், மாலையில் முட்டை பொறுக்க வேண்டும். ஆயிரம் காடை ஒன்றாகக் கத்தும் கொட்டகையில் நின்றால் மழை பெய்வதுபோல் கேட்கும். நாற்றம் சட்டையைத் துவைத்தாலும் போகாது. பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருந்தது. வசதிதான்.

அக்கா தேவாலயத்துக்குப் போகும்போதும் சரி, தீவன மூட்டை இறக்கும்போதும் சரி, ஒரே குடையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார்.

பொட்டு அங்கேதான் வந்து சேர்ந்தாள். சிறுமலையில் ஒரு தோட்டத்து பங்களாவில் பிறந்தவள். அம்மா ஏதோ வெளிநாட்டு வேட்டை இனம். அப்பா யார் என்று பங்களாக்காரர்களுக்கே தெரியாது. வெள்ளை உடம்பு, நெற்றி நடுவில் காப்பிக் கொட்டை நிறத்தில் ஒரு வட்டம். கீரி வராமல் காவல் இருக்கட்டும் என்று அக்கா குட்டியிலேயே வாங்கி வந்தார்.

கீரி வரவில்லை. அதன் வேலையைப் பொட்டுவே செய்துவிட்டாள். ஒரு விடியற்காலை கொட்டகையின் கதவைத் தள்ளி உள்ளே போய்ப் பதினான்கு காடைகளைத் தின்றுவிட்டு, நடக்க முடியாமல் படுத்திருந்தாள்.

அக்கா அடிக்கவில்லை. நத்தத்தில் அவருடைய தம்பிக்கு மாந்தோப்பு இருக்கிறது, அங்கே சங்கிலியில் கட்டிப் போட ஒரு நாய் வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் அந்தத் தோப்பைப் பார்த்திருக்கிறேன். அங்கே இரும்புக் கம்பத்தைச் சுற்றி நாய் நடந்து நடந்து மண்ணில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். முன்பு இருந்த நாய் போட்ட பள்ளம் அது.

எனக்குக் கட்டிப் போட்டால் ஆகாது. நாயாக இருந்தாலும் பார்க்க ஆகாது. அவளை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ராஜஸ்தான் கதையையும் சொன்னேன். அக்கா வெகுநேரம் யோசித்தார்.

"கடிச்ச வாயி திருந்தாதுன்னுவாங்க தம்பி. சரி, கூட்டிட்டுப் போ. சோளக்காட்டுப் போட்டி வருதுல்ல, அதுல பத்துப் பேரு பாக்க ஒரு காடைக்கு முன்னாடி தொடாம நிக்கட்டும். நின்னா ஒன் நாயி. இல்லைன்னா அன்னைக்கே நத்தத்துக்கு வண்டி ஏத்திருவேன்."

முட்டை போடுவதை நிறுத்திவிட்ட இரண்டு காடைகளையும் ஒரு கம்பிக் கூண்டையும் பயிற்சிக்கென்று கொடுத்தார். தின்றால் மறுபடி தரமாட்டேன் என்றும் சொன்னார்.

நிலக்கோட்டைச் சாக்கு

அவளை வைத்துக்கொண்டு காடைப் பண்ணையில் இருக்க முடியாது. நிலக்கோட்டையில் ஒரு பூக் கமிஷன் கடையில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். மிச்சப் பகல் முழுவதும் நாய்க்கு. பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்தார்கள். ஓர் ஊரில் எட்டு மாதம் நான் தங்கியது அதுதான் முதல் தடவை.

பயிற்சியில் ஒன்றும் மந்திரம் இல்லை. கயிற்றில் பிடித்துக்கொண்டு கூண்டை நோக்கி விடுவேன். பாய்ந்தால் கயிறு நிறுத்தும். நின்றால் ஒரு கருவாட்டுத் துண்டு. இரண்டு மாதத்தில் கயிறு தளர்ந்தே கிடந்தது. நான்காவது மாதத்தில் கயிறே வேண்டியிருக்கவில்லை. ஐம்பதடிக்கு அப்பால் கூண்டை ஒளித்தாலும் காற்றைப் பிடித்துப் போய், காலைத் தூக்கி நிற்பாள். ராஜஸ்தான் நாய் மாதிரியே. கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளைக் கூட்டிக்கொண்டு செம்பட்டியில் பேருந்துக்குக் காத்திருந்தேன். ஒரு பெண் வந்து நிழலில் நின்றார். பொட்டு எழுந்தாள். இரண்டடி வைத்தாள். காலைத் தூக்கி, வாலை நீட்டி, அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிலை பிடித்தாள்.

"ஏப்பா, ஒன் நாயி என்னைய என்னத்துக்கு இப்படிப் பாக்குது?"

அந்த அம்மாவின் கூந்தலில் நான்கு முழம் மல்லிகை இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காடைக்கு வெயில் ஆகாது என்று, எட்டு மாதமும் அந்தக் கூண்டின்மேல் நான் போர்த்தியது கடையில் கிடந்த ஈரப் பூச்சாக்கு. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது காடையையா, மல்லிகையையா? கடையில் எங்கு பார்த்தாலும் பூ. அதனால் அங்கே அவள் எதற்கும் நிற்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊரைவிட்டு வெளியே வந்து, சுத்தமான காற்றில் ஒற்றைப் பூச்சரம் எதிர்ப்பட்டதும் நின்றுவிட்டாள்.

மிச்சம் இருந்த ஒரு வாரத்தில் அரிசிச் சாக்கு, உரச் சாக்கு, ஈர வேட்டி என்று மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்தேன். ஒரு தடவை நிற்பாள். ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். குழம்பியது அவளா நானா தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாவது கூண்டு

போட்டியன்று காடைகளை அக்காவின் பண்ணையிலிருந்து பூ வண்டி ஓட்டும் செல்வம் ஏற்றிக்கொண்டு வந்தான். அவனுக்கு நாய் இல்லை, யார் பக்கமும் சாய மாட்டான் என்று கூண்டுகளை ஒளிக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். ஒளித்துவிட்டு, ஆறு இடத்தையும் ஒரு தாளில் குறித்து நடுவரிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான்.

வழியில் காடைகளுக்கு வெயில் படாமல் அவன் போர்த்திவந்தது பூச்சாக்கு. அவனிடம் வேறு என்ன இருக்கும்? அவற்றைக் கருவேல மரத்தடியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். காட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தக் குவியலைத்தான். ஒதுக்கச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

எங்களுக்கு முன்னால் ஆறு நாய்கள் இறங்கின. ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பழனிச்சாமியின் டைகர் ஐந்து கூண்டு பிடித்தது. மற்றவை மூன்று, நான்கு. ஆறாவதை ஒன்றும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் நாயைத் திட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவர், காலையில் மோர்ச்சோறு போட்டது தப்பு, மூக்கு அடைத்துவிட்டது என்றார். பழனிச்சாமி டைகரின் காதைப் பிடித்து, வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

நடுவருக்குப் பக்கத்தில் நாற்காலியில் அக்கா குடையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் நத்தத்துத் தம்பியின் வண்டி நின்றது. பின்கதவில் சங்கிலி தொங்கியது.

ஏழாவதாகப் பொட்டு இறங்கினாள். முதல் கூண்டைத் தாண்டி ஓடினாள். இரண்டாவதன் அருகே வேகம் குறைந்தது. என் கை பாதி எழுந்தது. அவள் தலையை உதறிவிட்டுப் போனாள். பிறகு குடகனாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. அவள் மூக்கைத் தூக்கினாள். நேராக மூலைக்குப் போனாள்.

மற்றதைத்தான் முதலிலேயே சொன்னேனே.

இழுத்துக்கொண்டு வெளியே வந்ததும், பையிலிருந்து அவளுடைய அலுமினியத் தட்டை எடுத்தேன். வண்டியில் கூடவே போகட்டும் என்று. அக்கா என்னைப் பார்த்தார். தட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். பொட்டு மூலைப் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தாள்.

நடுவர் தாளை வைத்துக்கொண்டு கூண்டுகளைச் சேகரிக்கப் போனார். ஐந்தைக் கொண்டுவந்தார். ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல் மட்டும் இருந்தது.

அப்புறம் பழனிச்சாமி டைகருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, இல்லாத காடைக்கு இவன எப்படி வஞ்சுபோட்டனுங்க நானு. மூஞ்சிய எங்கீங்க வெச்சுக்கறது."

மோர்ச்சோற்றுக்காரர் நாயைத் தடவினார். செல்வத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தண்ணீர் இல்லாமல் கூண்டில் ஒரு காடை எங்கோ கிடக்கிறது. அது செத்தால் அடுத்த வருஷம் போட்டியே இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு திசையில் தட்டையைக் கிளறினார்கள்.

அக்கா மட்டும் எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்தக் கழுத எங்க நின்னுச்சு?"

கையைக் காட்டினேன். அவர் குடையோடு கருவேல மரத்தடிக்கு நடந்தார். குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கினார். நான்காவது சாக்குக்கு அடியில் கூண்டு இருந்தது. உள்ளே காடை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பக்கத்தில் புள்ளி போட்ட ஒரு முட்டை கிடந்தது. இருந்த நேரத்தை அது வீணாக்கவில்லை.

பிறகு செல்வம் போனில் சொன்னான். ஆறாவதைத் தூக்கிக்கொண்டு போகும்போது சந்தையிலிருந்து அழைப்பு வந்ததாம். பேசி முடிக்கும்வரை நிழலில் இருக்கட்டும் என்று சாக்குக்கு அடியில் வைத்தானாம். பேசி முடித்து, தாளில் குறித்து, கிளம்பிவிட்டானாம்.

விதி

கூட்டம் இப்போது பொட்டுவைச் சுற்றி நின்றது. பூ விலை கேட்ட அதே குரல், ஏழு நாயில் இது ஒன்றுதான் நாய் என்றது. நடுவர் விதித் தாளை இரண்டு தடவை படித்தார்.

"நாய் நிலை சரி. ஆனா நீ கை தூக்கலயே அப்பு. கை தூக்காம புள்ளி கெடையாது. இன்னைக்குத் தப்பு பண்ணது நீயும் செல்வமுந்தான். நாயிக யாரும் தப்புப் பண்ணல."

முதல் பரிசு ஆட்டுக்குட்டியைப் பழனிச்சாமி வாங்கிக்கொண்டார். டைகரும் குட்டியும் ஒரே மோட்டார் சைக்கிளில் எப்படிப் போவது என்பது அவர்களுக்குள் தீராத பிரச்சினையாக இருந்தது.

அக்கா வண்டிக்காரரிடம் சங்கிலியைக் கழற்றி உள்ளே போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். பத்துப் பேர் பார்க்க நிற்க வேண்டும் என்றுதான் சொன்னேன், கை தூக்க வேண்டும் என்று சொல்லவில்லையே என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நிலக்கோட்டைச் சாக்கு, செம்பட்டிப் பெண், தாண்டி ஓடிய முதல் கூண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றது காடைக்கா பூவுக்கா என்று எனக்கே தெரியவில்லை என்றேன். நடுவர் இடையில் புகுந்து, மற்ற ஐந்து கூண்டையும் காலையிலிருந்து ஆறு நாய்கள் மோந்துவிட்டன, அங்கே நாய் வாடைதான் இருந்திருக்கும், யாரும் கிட்டப் போகாத காடை இது ஒன்றுதான் என்று ஒரு விளக்கம் கொடுத்தார். நல்ல விளக்கம்தான். நான் நம்பப் பார்த்தேன்.

அக்கா கேட்டுக்கொண்டே குடையை விரித்தார்.

"பதினாலு காடையத் தின்ன நாயி. இன்னைக்கு மூக்குக்கு நேரா காடை இருந்துச்சு. திங்கலை. அது பூவுக்கு நின்னா எனக்கென்ன, பொரி உருண்டைக்கு நின்னா எனக்கென்ன. கூட்டிட்டுப் போ."

நான்கடி போனவர் திரும்பினார்.

"முட்டைய மட்டும் அதுக்குக் காட்டாத. புதுசா ஒண்ணு பழகிக்கிரும்."

இப்போது நான் மறுபடி அகரத்துப் பண்ணையில்தான் இருக்கிறேன். பொட்டு கொட்டகைக் கதவுக்கு வெளியே படுத்திருக்கிறாள். உள்ளே ஆயிரம் காடை மழைபோல் கத்துகிறது. அவள் ஒரு காதை மட்டும் அசைக்கிறாள்.

காடையா பூவா என்று சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு முழம் மல்லிகை வாங்கி, சோளக்காட்டில் ஓரிடத்தில் வைத்து, அவளை அவிழ்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழனிச்சாமியும் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு பூக்கடை இருக்கிறது. அது வரும்போது நானும் பொட்டுவும் சாலையைக் கடந்து அந்தப் பக்கமாக நடக்கிறோம்.